ஓய்வு அணியில் உங்கள் தங்கை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
ஆடி வெள்ளி, காலைத் தண்ணீர் விட்டு முடித்த நேரம்.

பெருமதிப்புக்குரிய மச்சான் கொளஞ்சி அவர்களுக்கு, தங்கள் தங்கை நிர்மலாதேவியைக் கைப்பிடித்த புருஷோத்தமன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஒருவர் சுகம், மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆகவே மொத்தத்தில் பாதி சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அக்காவும், பிள்ளைகள் ராஜ்கமலும் கவிநிலாவும், கறவை மாடுகளும், முந்திரித் தோப்பும் முழுச் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பலாப்பழம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பண்ருட்டியிலிருந்து அந்த வாசனையோடு வந்த கண்டக்டர் மனசே இல்லாமல்தான் அதை இறக்கிக் கொடுத்தார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நிர்மலா கேட்டுவிடுவாள். வாய் மூடியதிலிருந்து அவளுக்குக் காது கூர்மையாகிவிட்டது. தெருமுனை டீக்கடையில் நான் சொன்னது, நான் வீட்டுக்கு வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் என் வேலை இடத்தில், தண்ணீர்த் தொட்டி அறையில், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுச் சக்கரத்தின் மேல் பலகை போட்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான் மச்சான். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து நிர்மலாவை ஒரு மாதம் உங்கள் ஊருக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். மைக் இல்லாத, மேடை இல்லாத, வேன் வந்து வாசலில் ஹாரன் அடிக்காத இடத்தில் அவள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் குரல் போய்விடும் என்று பயப்படுகிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டாள். உலகத்தில் அவள் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். சின்ன வயதில் நீங்கள் அவளைக் கிணற்று மேட்டில் உட்கார வைத்து மிரட்டியதை இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லத்தான் ஆசை. பட்டிமன்றப் பேச்சாளரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குச் சுருக்கம் மறந்துபோய்விட்டது. உங்கள் தங்கை வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டு நன்றாகத்தானே இருந்தாள்? போன வருஷம் மகளிர் குழு ஆண்டு விழாவில் தலைமை விருந்தினர் வர லேட்டானது. கூட்டம் எழுந்து போகப் பார்த்தது. யாரோ ஒரு புண்ணியவதி, "நிர்மலாக்கா, நீ செத்த நேரம் எதுனா பேசிக்கினு இரு" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டாள். இவள் பேசினாள். தலைமை விருந்தினர் வந்தார், உட்கார்ந்தார், சோடா குடித்தார், இவள் நிறுத்தவில்லை. அவரும் சிரித்துச் சிரித்துத் தன் உரையை மறந்து மாலையோடு வீட்டுக்குப் போனார். அன்றைக்குப் பார்த்துக் கூட்டத்தில் ஆதிமூலம் இருந்தார். தவளக்குப்பத்துக்காரர், ரிட்டயர்டு வாத்தியார், சொந்தமாகப் பட்டிமன்றக் குழு வைத்து நடுவராக இருப்பவர். அவர் குழுவில் பேசிக்கொண்டிருந்த அம்மாள் தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டதால் ஓர் இடம் காலி. மறுநாள் காலை நான் தண்ணீர் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து என் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குழு ஊர் ஊராகப் பேசுகிற தலைப்பு, "நிம்மதியான வாழ்வுக்கு வழி உழைப்பா? ஓய்வா?" என்பது. நிர்மலாவை ஓய்வு அணியில் சேர்த்தார். எங்கள் வீட்டு ஓய்வு அன்றோடு போயிற்று. வெள்ளி வில்லியனூர், சனி பாகூர், ஞாயிறு காலை ஒரு கடைத் திறப்பு விழா, மாலையில் காதணி விழா. காது குத்துகிற குழந்தையின் அழுகையை அமுக்கிக்கொண்டு, "ஓய்வில்லாத உடம்பு எண்ணெய் போடாத மிஷின்!" என்று உங்கள் தங்கை முழங்குகிறாள். வீட்டில் அவள் தையல் மிஷின் எண்ணெய் இல்லாமல் கத்துகிறது. தைக்க வந்த துணி மலையாகக் குவிந்து, ஆவணி மாதக் கல்யாணப் பெண் ஒருத்தி தினமும் வந்து வாசலில் நின்று அழுகிறாள். நிர்மலா வேனில் தூங்குகிறாள், வேனில் சாப்பிடுகிறாள், வேனில் தலை பின்னிக்கொள்கிறாள். பொறுக்க முடியாமல் ஒரு நாள், "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம வூட்ல இரேன் நிர்மலா" என்றேன். "ரெஸ்ட்டோட அருமைய ஊருக்கு எடுத்துச் சொல்ல ஒருத்தி வேணாமா? நான் ரெஸ்ட் எடுத்துட்டா அத யாரு சொல்றது?" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. பட்டிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடை ஏறுகிற பெண் தன் புருஷனைக் கேலிக்கு இழுக்க வேண்டும், ஆண் தன் பெண்டாட்டியை இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கைதட்டல் வராது. என்னிடம் இழுக்க என்ன இருக்கிறது? காலையில் வால்வைத் திறக்கிறேன், மூடுகிறேன், சாயங்காலம் திறக்கிறேன், மூடுகிறேன். ஆகவே உங்கள் தங்கை கற்பனையில் இறங்கினாள். என் வீட்டுக்காரர் வால்வைத் திறந்துவிட்டுச் சாய்ந்தார், அசந்துவிட்டார், அவர் எழுந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர் என்று வில்லியனூரில் ஆரம்பித்தாள். கைதட்டல் வந்தது. பாகூர் போவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு ஏறி, கோழிகள் மிதந்தன. அடுத்த ஊரில் ஒரு கல்யாணப் பந்தலே மிதந்தது, மாப்பிள்ளையை அண்டாவில் உட்கார வைத்து மணவறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மச்சான், என் சர்வீசில் நான் வேலை நேரத்தில் கண்ணயர்ந்தது கிடையாது. இப்போது டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "மாஸ்டர், அண்ணனுக்கு டீ வேணாம், தூக்கம் கெட்டுரும்" என்கிறார்கள். ஐந்து நிமிஷம் தண்ணீர் தாமதமானால் தெருப் பெண்கள் குடத்தோடு எங்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் இன்ஜினியர் ஏதோ கோயில் விழாவில் இந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "அது எந்தத் தேதி?" என்று கேட்டார்.

இப்படியே போனால் எந்தத் தொண்டைதான் தாங்கும்? வைகாசியில் குரல் கம்மியது. மிளகுக் கஷாயம் குடித்துவிட்டுப் பேசினாள். ஆனியில் பாதிப் பேச்சில் காற்று மட்டும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கார்குழலி என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா, தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கிக் கிடக்கிறது, அடுத்த முறை பார்க்கும்வரை பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் பழைய குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றார். உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? கரகரத்த குரலில், ஓய்வு என்பது எவ்வளவு உயர்ந்தது, அதை நான் எத்தனை மேடைகளில் வலியுறுத்தியிருக்கிறேன் என்று டாக்டரம்மாவுக்கே விளக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இப்ப பேசிக்கினு இருக்கீங்க பாருங்க, அத நிறுத்தத்தான் சொல்றேன்" என்றார்.

அன்றிலிருந்து மௌனம். மௌனம் என்றால் அமைதி என்று நினைத்துவிடாதீர்கள். கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு தட்டினால் சாப்பிட வா என்று அர்த்தம், இரண்டு தட்டினால் நேற்று சொன்னதைச் செய்தாயா என்று அர்த்தம், பாத்திரமே பறந்து வந்தால் செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்படியில் இருந்துகொண்டு கூடத்தில் இருக்கிற எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறாள். பட்டிமன்றத்தில் நேரம் முடிந்தால் நடுவர் மணி அடிப்பார் அல்லவா, அதுபோலப் பூஜை மணியை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் ஏதாவது புத்தி சொல்ல ஆரம்பித்தால் அடிக்கிறாள். என் பேச்சுக்கு அவள் ஒதுக்கியிருக்கும் நேரம் மிகவும் குறைவு.

ஓய்வு நேரத்தில் தன்னை வளர்த்துக்கொள்ளப் போவதாகவும் எழுதிக் காட்டினாள். எனக்குச் சந்தோஷம்தான். பார்த்தால், பக்கத்துத் தெருவில் ஒரு மதாம் நடத்துகிற பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அது பேச்சுப் பிரெஞ்சு வகுப்பு மச்சான். பேசக் கூடாதவள் பேச்சு வகுப்பில் போய் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பிலேயே தப்பு செய்யாத ஒரே மாணவி இவள்தான் என்று அந்த மதாம் என்னிடம் பெருமையாகச் சொன்னார். எதற்கு இந்தப் பிரெஞ்சு என்று விசாரித்தால், பாரிசில் இருக்கிற நம்மூர்க்காரர்கள் பொங்கலுக்குக் குழுவைக் கூப்பிடலாம் என்று ஆதிமூலம் ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறார்.

இன்னொரு கூத்து. நிர்மலா பதில் பேசமாட்டாள் என்று தெரிந்ததும் தெருப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். முன்பெல்லாம் ஒன்று சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள். இப்போது சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் தன் மருமகளைப் பற்றி முற்பகலில் வந்து அழுகிறாள், மருமகள் செல்வாம்பாளைப் பற்றிப் பிற்பகலில் வந்து அழுகிறாள். "நிர்மலா மாதிரி புத்தி சொல்ல ஆளில்ல" என்று இருவருமே தெருவில் சொல்கிறார்கள். வாசலில் செருப்பு குறைவதே இல்லை. எனக்குச் சோறு போட ஆளில்லை.

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. தவளக்குப்பத்தில் ஆடித் திருவிழா, சாயங்காலம் பட்டிமன்றம், பேனரில் உங்கள் தங்கை படம் கை உயர்த்தி நிற்கிறது. ஆதிமூலம் வந்து, "சொந்த ஊரும்மா, மானம் போயிரும். ஒரு பத்து நிமிஷம் மெதுவா பேசிட்டுப் போயிரு" என்றார். நிர்மலா உடனே புடவை எடுக்கப் போனாள். நான் குறுக்கே நின்றேன். "குரல் போயிட்டா நீங்களா குடுப்பீங்க?" என்று ஆதிமூலத்தைக் கேட்டேன். நிர்மலா மணி அடித்தாள். நான் நகரவில்லை. கடைசியில் ஆதிமூலம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப அவங்க எழுதித் தரட்டும், நீங்க படிச்சிருங்க" என்றார். அவள் தொண்டைக்குப் பதில் என் மானம் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். அவள் எப்போதும் பேசுகிற பேச்சையே ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக் கொடுத்தாள்.

நான் இதுவரை மேடையில் ஏறியது எங்கள் கல்யாணத்தில்தான். அதுவும் ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். தவளக்குப்பத்தில் மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்து, "நடுவர் அவர்களே! என் வீட்டுக்காரர் இருக்காரே, அவரப் போல ஒரு சோம்பேறிய நீங்க பாத்திருக்க முடியாது" என்று படித்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். செல்வாம்பாளும் எங்கள் தெருப் பெண்களும்கூட பஸ் ஏறி வந்து கூட்டத்தில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் நிர்மலா என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டு, எந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டே போனேன். வால்வுக் கதை வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர் என்ற இடத்தில் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "இது பொய்ங்க. நான் ஒரு நாள்கூட தூங்கினதில்ல. எங்க தெருவுல எல்லாரும் காலையில கொடம் ரொப்பிக்கிறாங்களே, அது நான் முழிச்சிக்கினு இருக்கறதாலதான்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை, செல்வாம்பாள் சொல்லித்தான் தெரியும். "அவ பேசாம இருக்கறதுலேர்ந்து வூடு வூடாவே இல்லீங்க. கரண்டி சத்தந்தான் கேக்குது. எனக்கு இந்த ரெஸ்ட்டு புடிக்கவே இல்ல" என்றிருக்கிறேன். எதிரணி மேசையைத் தட்டியது. நான் நிற்பது ஓய்வு அணி என்பதையே மறந்துவிட்டேன். "ஆனா அவ இப்ப பேசிட்டான்னா அப்புறம் எப்பவுமே பேச முடியாமப் போயிரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. எனக்கு பயமா இருக்குங்க. நான் சொன்னா மணி அடிக்கிறா. நீங்களாவது சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது அழுகைதான்.

உங்கள் தங்கைக்கு அழுகை பெரிதாகப் படவில்லை. ஓய்வு அணியின் மேடையில் நின்று ஓய்வு பிடிக்கவில்லை என்று நான் சொன்னதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பட்டிமன்றக்காரி அல்லவா? விருட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நெஞ்சு நிறைய மூச்சு எடுத்தாள். அவள் மூச்சு எடுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், என் உயிரே போய்விட்டது. அந்த நேரத்தில் கூட்டத்துப் பெண்கள் ஒன்றாக, "யக்கா, பேசாத!" என்று கத்தினார்கள். "வாய மூடு நிர்மலா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "உக்காருடி!" என்று இன்னொருத்தி. செல்வாம்பாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்திவிட்டாள். ஒரு பேச்சாளரைப் பேசாதே என்று ஊரே சேர்ந்து கத்தி, அதில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் எங்கும் பார்த்ததில்லை. நிர்மலா சுற்றிலும் பார்த்தாள். எடுத்த மூச்சை அப்படியே விட்டாள். மெதுவாக உட்கார்ந்து, இடுப்பிலிருந்து மணியை எடுத்து, எனக்கு நேரம் முடிந்தது என்று அடித்தாள். ஓய்வே சிறந்தது என்று ஆதிமூலம் தீர்ப்பு சொன்னார். இத்தனை ஊரில் இந்த அணி ஜெயித்தது இதுதான் முதல் தடவையாம்.

ஆனால் இது எத்தனை நாள் தாங்கும்? செவ்வாய்க்கிழமை மறு பரிசோதனை. எனக்குத் தண்ணீர் திறந்துவிடும் முறை இருந்ததால் கூடப் போக முடியவில்லை, செல்வாம்பாளோடு போய் வந்தாள். இன்னும் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதிக் காட்டினாள். எழுதும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. பாவம், வேதனை. அதற்குள் ஆதிமூலம் ஆவணிக்கு ஊர் ஊராகத் தேதி கொடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லா ஊரிலும் பெண்கள் அவள் வாயைப் பொத்த வருவார்களா? ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன், வந்து அழைத்துப் போங்கள். முந்திரித் தோப்பில் உட்கார வையுங்கள். கோயில் ஒலிபெருக்கிப் பக்கம் மட்டும் விடாதீர்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், தங்கச்சி நினைப்பு வந்தது, வந்தேன் என்று சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். ராஜ்கமல் வண்டியை வேகமாக ஓட்டாமலும், கவிநிலா நன்றாகப் படித்தும், மாடுகள் குறையாமல் கறந்தும், உங்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்கட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
புருஷோத்தமன்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு ஆதிமூலம் தொட்டி அறைக்கே வந்துவிட்டார். தவளக்குப்பத்தில் என் பேச்சு நன்றாக எடுபட்டதாம். உழைப்பு அணியில் ஓர் இடம் காலியாம். முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆவணி ஞாயிறு முழுக்க ஒத்துக்கொண்டுவிட்டேன். எனக்குப் பேச்சு எழுதித் தர நிர்மலா இங்கே இருந்தாக வேண்டும். ஆகவே மேலே கேட்ட உதவியைக் கேட்காததாக நினைத்துக்கொள்ளவும். நீங்கள் வர வேண்டாம்.

அண்ணனுக்கு நிர்மலா எழுதுவது. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இந்தக் கடிதம் இருந்தது. துவைக்கிறவளிடமே ரகசியத்தைக் கொடுக்கிற ஆளாகப் பார்த்து என்னைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். படித்துவிட்டு நானே கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். கதையில் மிதந்தது கோழி இல்லை, வாத்து. கோழி மிதக்குமா? இன்னொன்று, செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வீக்கம் வடிந்துவிட்டது, மெல்லப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். செல்வாம்பாளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், நானும் இவரிடம் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்னோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை அண்ணா. நான் பேசுவேன், இவர் உம் கொட்டுவார். தவளக்குப்பத்திலிருந்து வந்த பிறகு சாயங்காலமானால் என் மிஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசுகிறார். தொட்டியில் விழுந்த அணிலைத் தூக்கிவிட்டதைச் சொல்கிறார், இன்ஜினியருக்குப் பயந்ததைச் சொல்கிறார், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததைச் சொல்கிறார். எனக்கு இத்தனை நாளும் இது தெரியாது. நான் வாயைத் திறந்தால் இவர் மூடிக்கொள்வார் என்று பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.